கரையேறிய பாசி

சமையலறையில் இருந்த கடைசிக் குடத்தையும் கவிழ்த்துவிட்டு இசக்கியம்மை நிமிர்ந்தாள். தம்பி கோலப்பனைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள். சங்கின் ஒலி மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. சாவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது என்பது அவளுடைய சட்டம். அண்டா, வாளி, சாமி படத்தின் முன்னிருந்த செம்பு எல்லாம் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. ஃபிரிட்ஜுக்குள் ஒதுங்கியிருந்த பாட்டில்கூடத் தப்பவில்லை.

ஈரக் கைகளோடு முன்கூடமான பட்டாசலுக்கு வந்தவள் சன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டியின் முன் நின்றாள்.

“இது கெடக்கே இன்னும்! ஏட்டி ஆதிரா, இதையும் கொட்டணும்.”

“அத்த, அது குடிக்க வச்ச வெள்ளம் இல்ல. உள்ள இருக்கது பூரா செடி. உயிரு.”

“உயிரு போன வீட்டுலதான் நிக்கோம். செடிக்குன்னு தனிச் சட்டமா? உங்க அம்மைட்ட கேளு.”

ஆதிரா தாயைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த உலகம்மாள் தொட்டியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“கொட்டிரு மக்கா.”

இத்தனை எளிதாக அம்மா சம்மதிப்பாள் என்று ஆதிரா நினைக்கவில்லை. அந்தத் தொட்டி அவள் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது. புத்தனாற்றுக் கால்வாயில் மதகு திறக்கும் லஸ்கராகக் காலமெல்லாம் கரையில் நடந்த மனிதர் கோலப்பன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின், வாரம் மும்முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்து வருவதைத் தவிர வேறு நடையில்லை என்றாயிற்று. கால்வாய்க்குப் போக முடியாதவரிடம் கால்வாயே வரட்டும் என்று மகள் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பாதிக்குத் தண்ணீர், மீதிக்குக் கல்லும் மண்ணும் அடுக்கிய கரை. தண்ணீருக்கடியில் வேலம்பாசி அலைந்தது. கரையில் பெரணி விரிந்தது. நீர்ப்பிரம்மி மட்டும் இரண்டு இடத்திலும் குடித்தனம் நடத்தியது. உள்ளே மெலிந்த இலை, வெளியே தடித்த இலையும் வெள்ளைப் பூவும். ஒரு சிறு மோட்டார் தண்ணீரைத் தூக்கிக் கல்லின்மேல் ஓயாமல் வழியவிட்டது.

பார்க்க வருகிறவர்களிடம் கோலப்பன் ஒரு கதை சொல்வார். “கரை சொல்லிச்சாம், பாசி எனக்க மவன்னு. வெள்ளம் சொல்லிச்சாம், போவும் ஓய், அவன் எனக்க மவன்னு. பாசி என்ன செய்யும்? ரெண்டு பேருக்க மடியிலயும் காலை நீட்டிப் படுத்துக்கிடுச்சாம்.” சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

ஆனால் அவர் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. கூடுதலாகக் குடித்தால் அது நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரில் அந்தப் பங்கை அளந்து கொடுக்கும் வேலை உலகம்மாளுடையது. ஒரு வீட்டில் ஒருவருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டால், அந்த வீட்டிலுள்ள தண்ணீரெல்லாம் ஒளிந்து வாழப் பழகிவிடுகிறது. குடங்கள் கதவுக்குப் பின்னால் போயின. உலகம்மாளும் மூன்று ஆண்டுகளாக அடுக்களை மூலையில், சுவரைப் பார்த்து நின்று, தொண்டைச் சத்தம் கேட்காமல்தான் தண்ணீர் குடித்தாள்.

நேற்றுக் காலையில் அவர் கேட்டார்: “ஒரு வாய் தா உலகு. நாக்கு நனையட்டும்.”

“காலத்த பங்கு தீந்தாச்சு. இனி உச்சைக்குத்தான்.”

“கடைமடைக்காரன் வந்து கெஞ்சினா, நான்கூட ஒரு விரக்கடை ஷட்டரத் தூக்கி விட்டிருக்கேன். உனக்கு அந்த எரக்கமும் இல்லியே.”

முந்தைய இரவு முழுவதும் அவருக்கு முதுகு தடவி விழித்திருந்தவள் உலகம்மாள். அவளுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ!

“அன்னா அந்தத் தொட்டியில கெடக்குல்லா, அதக் கோரிக் குடியுங்க! என்னைய விடுங்க!”

அவர் முகத்தைத் தொட்டியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிற்பகலில் அவள் மாத்திரை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவர் தொட்டிக்கருகே நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். சட்டையின் வலக்கை முழங்கைவரை நனைந்திருந்தது. எப்போதும் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டைக் காணவில்லை. தொட்டியில் தண்ணீர் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது; பழைய மட்டம் கண்ணாடியில் பச்சைக் கோடாக நின்றது. டாக்டர் வந்து பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்றார். எதனால் நின்றது என்று உலகம்மாள் கேட்கவில்லை. அடுக்களைக்குப் போனாள். அளக்கும் டம்ளர் அதன் இடத்தில் இல்லை.

அப்போது தொடங்கியது தேடல். கட்டிலுக்கடியில் பார்த்தாள், தலையணை உறைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அவள் சொன்ன சொல்லைத்தான் அவர் கேட்டு நடந்திருக்கிறார். டம்ளரால் கோரிக் கோரிக் குடித்திருக்கிறார். கண்ணாடியில் நிற்கும் அந்தப் பச்சைக் கோட்டை வேறு யாரும் வாசிப்பதற்குள் தொட்டி காலியானால் நல்லது.

ஆதிரா முணுமுணுத்துக்கொண்டே தோட்டத்துக் குழாயைக் கொண்டுவந்தாள். மோட்டாரின் சுவிட்சை அணைத்தாள். கல்லில் வழிந்த நீர் நின்றது. இரவும் பகலும் ஓடிய சத்தம் ஓய்ந்ததும் பட்டாசல் திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது.

அந்த அமைதியில், எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

மூவரும் கேட்டார்கள். சற்று நேரம் கழித்து இன்னொன்று. வெறுந்தரையில் விழுகிற சத்தமில்லை. நிறைந்த பாத்திரத்தில் விழுகிற சத்தம்.

ஆதிரா தொட்டிக்கும் சுவருக்கும் இடையே தலையை நுழைத்தாள். “அம்மா, இஞ்ச வா. சீக்கிரம்.”

உலகம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து போய்ப் பார்த்தாள். கரையில் வளர்ந்த பாசி தொட்டியின் பின்விளிம்பில் ஏறி, மறுபக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் சடைபோல் தொங்கியது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. சுவரில் காரை ஊறி, உப்புப் பூத்து, தரைவரை கறை இறங்கியிருந்தது. நேற்றோ இன்றோ விழுந்த கறையல்ல அது.

“விளக்குத் திரி எண்ணெய இழுக்கும்லா, அது மாதிரி வெள்ளத்த இழுத்து வெளிய விட்டிருக்கு,” என்றாள் ஆதிரா. “எத்தன நாளா ஒழுகுதோ! மோட்டார் சத்தத்துல நமக்குக் கேக்கல. அப்பா கண்டுபிடிச்சிருக்காரு பாத்தியா.”

தொட்டி நின்ற மேசையின் கால்களைச் சுற்றி, தரை நனையாதபடி, துவர்த்து அணைபோல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேசையின் பின்சட்டத்தில், பாசியின் நுனிக்கு நேர் கீழே, அளக்கும் டம்ளர் இருந்தது. விளிம்புவரை நிறைந்திருந்தது.

உலகம்மாள் வலக்கையை அந்த இடுக்கில் விட்டாள். எட்டி எடுப்பதற்குள், ஊறிய சுவரில் உரசி, நேற்று அவருடைய சட்டை நனைந்திருந்ததுபோல் அவள் கையும் முழங்கைவரை நனைந்தது. நனைந்த இடத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, நேற்றிலிருந்து நெஞ்சுக்குள் நிறுத்தி வைத்திருந்த மூச்சை மெதுவாக வெளியே விட்டாள்.

“குடிக்கல்ல,” என்றாள்.

“யாரு? என்னத்த?” என்றாள் இசக்கியம்மை.

உலகம்மாள் டம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ தளர்ந்ததை நாத்தனார் கண்டுகொண்டாள். இசக்கியம்மை கண்டிப்பானவள், குருடியல்ல. தொங்கும் பாசியை எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு மடி போதாம மூணாவது மடி தேடிப் போயிருக்கான், கள்ளப்பய.” சொல்லும்போதே குரல் தம்பியின் குரலைப்போல் ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஏட்டி ஆதிரா, அந்த மோட்டாரப் போடு.”

“கொட்டணும்னு சொன்னீங்க?”

“அது பிடிச்சு வச்ச வெள்ளமா? ராப்பகலா ஓடுத வெள்ளம்லா. ஓடுத வெள்ளத்துக்கு எங்கட்டி தீட்டு? வாயப் பொளந்து நிக்காம போடுட்டி.”

சுவிட்சைத் தட்டியதும் கல்லில் மறுபடி தண்ணீர் வழிந்தது. உலகம்மாள் தொங்கிய பாசியைத் தலைமுடி ஒதுக்குவதுபோல் ஒதுக்கி, விளிம்புக்கு உள்ளே திருப்பிவிட்டாள். டம்ளர் நீரை ஒரு சொட்டும் சிந்தாமல் தொட்டிக்குள் சரித்தாள். வேலம்பாசி ஒருமுறை அசைந்து நின்றது.

ஆதிரா கிணற்றிலிருந்து புதுக்குடத்தில் முதல் தண்ணீர் இறைத்து வந்தாள். உலகம்மாள் அந்த நீரில் டம்ளரைக் கழுவிவிட்டு மகளிடம் நீட்டினாள்.

“தலை முழுகிட்டு…” என்று தொடங்கிய இசக்கியம்மை, பாதியில் நிறுத்திவிட்டு, குனிந்து துவர்த்தை எடுத்துப் பிழியத் தொடங்கினாள்.

காலி நாற்காலியின் பக்கத்தில், பட்டாசலின் நடுவில் நின்று உலகம்மாள் குடித்தாள். அவள் தொண்டைச் சத்தம் மூவருக்கும் கேட்டது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி டம்ளரை நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து மக்கா.”

ஆதிரா அளக்காமல் ஊற்றினாள்.