நாலாம் நாளும் தங்கிய பிரபு

புளியங்காடு மக்கள் ஒன்றியத்தின் மொன்றியல் கிளைக்குப் பேரின்பநாதன் தலைவராகிப் பதினொரு வருடம். மற்றக் கிளைகள் எங்கே இருக்கின்றன என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது வருடமும் தலைவராகவே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே ஆசை.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் பொதுக்கூட்டம். நிகழ்ச்சி நிரலை அவரே எழுதியிருந்தார்: மங்கள விளக்கு, அக வணக்கம், தலைவர் உரை, தலைவரின் சிறப்புரை, நிர்வாகத் தெரிவு, மதிய போசனம். தெரிவுக்கு முன்னால் சிறப்புரையை வைத்ததற்குக் காரணம் இருந்தது. இந்த முறை செயலாளர் நிரோஜாவும் போட்டியிடப்போவதாகக் கேள்வி. நிரோஜாவுக்கு ஆஸ்பத்திரியில் நோயாளர் கட்டில்களைத் தள்ளுகிற வேலை. மண்டபம் பிடிப்பதிலிருந்து கதிரை அடுக்குவது வரை ஒன்றியத்தில் எல்லாம் அவள்தான். ஆனால் மைக்கைக் கண்டால் பின்வரிசைக்குப் போய்விடுவாள். தலைவர் என்றால் யார் என்று சபை ஒரு மணித்தியாலம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று பேரின்பநாதன் நினைத்தார்.

விடயம், போர்த்துக்கேய நகரமான போர்ட்டோவின் மத்தியகால ஆட்சிமுறை. போன கோடையில் ஐந்து நாள் அங்கே போய்வந்திருந்தார். திரையில் படங்கள் ஓடின. எல்லாப் படத்திலும் பேராலயத்தை மறைத்துக்கொண்டு தலைவர் நின்றார்.

"எங்கட யாழ்ப்பாணத்தை ஆண்டவங்கள், தங்கட ஊரை எப்பிடி ஆண்டவங்கள்? மணியகாரர் பரம்பரையில வந்தவன் எண்ட முறையில நான் இதை யோசிச்சனான்."

மற்ற வருடங்களில் இந்த இடத்தில் பாதிச் சபை எழுந்து சாப்பாட்டு மேசைக்கு ரோல்ஸ் தேடிப் போயிருக்கும். இந்த வருடம் விடயத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தலைவரே போர்த்துக்கேயக் கோழிக்குச் சொல்லியிருந்தார். கோழி இன்னும் வந்துசேரவில்லை. போக இடமில்லாத சபை, வரலாற்றில் முதல் தடவையாக, உரையைக் கேட்டது.

நகரம் முதலில் ஆயருடைய சொத்தாக இருந்தது என்றார். வியாபாரிகள் ஆயரோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டினார்கள். சுற்றியிருந்த கிராமங்களும் நகரசபைக்குக் கீழேதான். நகரம் முடிவெடுக்கும், கிராமம் கீழ்ப்படியும்.

"எங்கட லொங்குய்ய் மாதிரி," என்றார் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மெத்ரோ ஏறி வந்திருந்த கணேசலிங்கம். "பதினொரு வருசமா ஒரு கூட்டமாவது எங்கட பக்கம் வைச்சனீங்களே?"

"அமைதி! இப்பதான் முக்கியமான கட்டம். அந்த நகரத்துக்கு ஒரு சலுகை இருந்தது. எந்தப் பிரபுவும் உள்ளுக்குள்ள மூண்டு நாளுக்கு மேல தங்கக்கூடாது. உழைக்கிற சனத்தின்ர ஊர், இங்க வந்து ஆரும் குந்திக்கொண்டு அதிகாரம் பண்ணேலாது எண்டு!"

கைதட்டல் விழுந்தது. பதினொரு வருடத்தில் கேட்காத ஓசை அது. பேரின்பநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். எழுதிவந்த நாற்பது பக்கத்தையும் மடித்துவிட்டார்.

"அப்ப அண்ணை," கணேசலிங்கம் மறுபடி எழும்பினார், "மூண்டாம் நாள் வெளியால போய், நாலாம் நாள் திரும்பி வந்தால்?"

"விடமாட்டாங்கள்! நாள் முடிஞ்சும் போகாமல் இருந்த ஒரு பிரபுவின்ர வீட்டைக் கொளுத்திப்போட்டாங்கள், தெரியுமே? அதுதான் மக்களாட்சி!"

இன்னும் பெரிய கைதட்டல். அது அடங்குவதற்குள் கணேசலிங்கம் சொன்னார்:

"தலைவர் சொன்ன நல்ல விசயத்தை நாங்களும் செய்வம். நாள் எண்டதை வருசமா மாத்துவம். தலைவர் பதவியில ஆரும் மூண்டு வருசத்துக்கு மேல இருக்கேலாது. திரும்பி வரவும் ஏலாது. நான் முன்மொழியிறன்."

"அது... அது பதினஞ்சாம் நூற்றாண்டு, தம்பி," என்றார் பேரின்பநாதன்.

"இப்பதானே அண்ணை மக்களாட்சி எண்டு சொன்னனீங்கள்."

முன்மொழிவுக்கு வழிமொழிய ஆள் இருந்தால் வாக்குக்கு விட்டே ஆகவேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சண்டையை அடக்க அவரே ஒன்றியத்தின் யாப்பில் போட்ட விதி. முன்வரிசையில், வெள்ளைத் துணி விரித்த சோபாவில் பிரமுகர்களுக்கு நடுவே இருந்து கை ஒன்று உயர்ந்தது. அவருடைய மனைவி புஷ்பராணி.

"வழிமொழியிறன்," என்றார். "சனி ஞாயிறில எனக்கும் வீட்டில ஒரு மனுசன் வேணும்."

கைகளைத் தலைவரே எண்ணவேண்டியிருந்தது. எதிர்ப்பு ஒன்று, அது எண்ணிக்கொண்டிருந்தவருடைய கை. நிரோஜா ஏகமனதாகத் தெரிவானாள். மைக்கில் இரண்டு வசனம் பேசினாள்: "கோழி வந்திட்டுது. கதிரைகளை ஒருக்கா சுவரோட தள்ளுங்கோ."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பேரின்பநாதன் நாற்பது பக்கத்தையும் மடியில் வைத்து மடிப்பை நீவினார். பிறகு மெல்லக் கேட்டார்:

"பேச்சு எப்பிடி?"

"நல்ல பேச்சு," என்றார் புஷ்பராணி. "பதினொரு வருசத்தில எல்லாருக்கும் விளங்கினது இதொண்டுதான்."