குடையின் உரிமையாளர்

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சுள்ளென்று வெயிலடித்த காலையில் அக்காவின் கணவர் குடையை அணைத்தபடி என் வாசலில் நின்றார்.

“என்னை வெச்சு ஒரு கதை எழுதேன். எதுக்கும் இருக்கட்டும்.”

2
முதல் தொடக்கம்: அக்கா ஒரு லைப்ரரி கட்டினாள். (அடித்துவிட்டேன். செங்கல், அலமாரி எல்லாம் கண்முன் வருகின்றன.)

இரண்டாவது: மற்றவர்கள் தங்கள் செயலிகளில் பொருத்திக்கொள்ள, தகவல்களை ஒன்றோடொன்று இணைத்துச் சேமிக்கும் மென்பொருள் லைப்ரரி ஒன்றை அக்கா எழுதினாள். யார், என்ன உறவு, யாருக்கு என்று எல்லாமே மூன்று துண்டுகள். எதனோடும் இணைப்பில்லாததைக் குப்பையென்று அதுவே பெருக்கித் தள்ளிவிடும். சோதித்துப் பார்க்க வீட்டையே உள்ளே போட்டாள்.

அக்கா — மனைவி — அத்தான்
குடை — சொந்தம் — அத்தான்

3
அத்தான் யாரிடமோ போனில், “அவளா? வீட்டுல சும்மா உக்காந்து எதையோ தட்டிக்கிட்டிருக்கா” என்றார். அக்கா முதல் வரியை அழித்தாள்.

(அப்போது அவள் மனதில் கோபம்கூட இல்லை, வெறும்… எனக்குத் தெரியாது. விட்டுவிடுகிறேன்.)

“நான் இன்னும் இருக்கேனா?” அத்தான் திரையை எட்டிப் பார்த்தார்.

“இருக்கீங்க. குடை புண்ணியத்துல.”

“பொண்டாட்டி கைவிட்டா, குடை கைவிடலையா!”

“நீங்க போன்ல பேசினது குடைக்குக் கேக்கலையே.”

அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் கையில் குடை.*

* இப்படியும் ஓர் அசடு உண்டா என்பீர்கள். அக்கா திரையில் மட்டும்தான் அழித்தாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

4
நேற்று மழை. அத்தான் தொப்பலாக நனைந்து வந்தார். குடை பஸ்ஸோடு போய்விட்டது.

அக்கா இரண்டாவது வரியையும் அழித்தாள். “தகவல்னா உண்மையா இருக்கணும்ல?”

“அப்ப என்னைப் பெருக்கிடுமா? உன் தங்கச்சி கதையில இருக்கேனே!”

“அவ கதை இதுக்குத் தெரியாது.”

“ஏதாவது ஒரு வரி போடும்மா.”

“என்னன்னு போட?”

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட யோசித்தார். “பொண்டாட்டி என்ன வேலை பாக்கறான்னு ஒரு நாளும் கேக்காதவன்னு போடு. அதுவும் ஒரு உறவுதானே?”

அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றது.

5
முடிவு ஒன்று: அதையே தட்டுகிறாள். முடிவு இரண்டு: துண்டை எடுத்து அவர் முகத்தில் வீசுகிறாள். முடிவு மூன்று: “உக்காருங்க, சொல்றேன்” என்று நாற்காலியை… வேண்டாம். அவள் என் அக்கா. நான் எழுதினால் ஒருபக்கமாகிவிடும்.

அக்கா — ………… — அத்தான்

நடுவில் நீங்கள் எழுதுங்கள். அதுவரை மனிதர் அங்கேயே சொட்டிக்கொண்டு நிற்பார். கொஞ்சம் சீக்கிரம். தரையெல்லாம் ஈரம்.