சோமாலியாக் கடலில் நாற்பது மரம்

இருபத்திரண்டு வருசமா ஜேர்மனியில, எசன் நகரத்தில ஒரு அரசாங்கக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவன் நான், தபோதரன். முழங்கால் ரெண்டும் போச்சுது. அதே கட்டடத்தில, வரைபடப் பகுதியில, கதிரையில இருந்து செய்யிற வேலை ஒண்டு காலியாம். கணினியில வரைபடம் போடுறதுக்கு நாலு கிழமை வகுப்பு. சோதினையில முதலா வாற ஆளுக்கு வேலை.

வகுப்போ அது? கூத்து! படிப்பிச்சது ஆதிரை எண்டு இஞ்ச பிறந்த பெட்டை. றோட்டுப் படத்துக்கு மேல மரப் படம், அதுக்கு மேல வீட்டுப் படம், இதுதான் லேயராம். இதைச் சொல்ல அரை நாள்! பக்கத்துக் கதிரையில யூட், பீட்சா கொண்டோடித் திரிஞ்ச பெடியன். மவுஸ் பிடிக்கவே அவனுக்கு வேர்க்குது. இவர் எனக்குப் போட்டியாம். நான் ஊரில புவியியலுக்கு அதிதிறமைச் சித்தி எடுத்தவன் கண்டியளோ.

வேலை கிடைச்சிட்டுதெண்டே என்ரை மனிசி இராஜேஸ்வரி கோயிலில சொல்லிப்போட்டா. வெள்ளைச் சேட்டும் வாங்கியாச்சு.

சோதினைக்கு நாற்பது தெருமரம். ஒவ்வொரு மரமும் பூமியில நிக்கிற இடத்தைச் சொல்ல ரெண்டு எண். அட்டவணையில அடிச்சால் கணினி மரத்தைப் படத்தில நிறுத்தும். அகலக்கோடு முதல், நெடுங்கோடு பிறகு எண்டு பள்ளிக்கூடத்தில பாடமாக்கின வாய் இது. அப்பிடியே அடிச்சன்.

யூட் எட்டிப் பாத்தான்.

"அண்ணை, இது நெடுங்கோட்டைத்தான் முதல் கேக்குது. மாத்திப் போடுங்கோ."

"பொத்தடா வாயை! எனக்குப் புவியியல் படிப்பிக்க வந்திட்டார்."

படத்தைத் திறந்து பாக்காமலே அனுப்பினன்.

பின்னேரம் ஆதிரை எல்லாருடைய படத்தையும் சுவரில போட்டுக் காட்டினாள். என்ரை மரம் ஒண்டும் எசனில இல்லை. நாற்பதும் சோமாலியாவுக்கு அங்கால கடலுக்குள்ள நிக்குது. வகுப்பே சிரிச்சுது. யூட் மட்டும் சிரிக்கேல்லை, அதுதான் எனக்குக் கூட எரிச்சல். கணினி பிழை எண்டு கத்திப் பாத்தன்.

"அங்கிள், எண்ணெல்லாம் சரி. முன்பின் மாறிப்போச்சு," எண்டாள் ஆதிரை.

வேலை யூட்டுக்கு.

அடுத்த மாதம் ஒரு திங்கள் காலமை, வாளியும் துணியுமா அந்த அறைக்குப் போனன். யூட் வேளைக்கே வந்திருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, நான் துடைக்க வசதியாக் கதிரையைத் தள்ளி விட்டான். அவனை நல்லா ஏசத்தான் வாயைத் திறந்தன்.

"டேய், நெடுங்கோடுதானே முதல்?"

"ஓம் அண்ணை."

முழங்காலை ஊண்டி அவன்ரை மேசைக்குக் கீழ துடைச்சன்.