ஒரு ஆள் இடம்

ராஜகுமார் அண்ணன் என் கேமராவைக் கையில் தூக்கி எடை பார்த்தார். பிறகு லென்ஸோடு சேர்த்து மேஜைமேல் வைத்தார். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே அவர் கடை. பழைய கேமராக்களை வாங்கி விற்பவர். நான்கு வருடங்களுக்கு முன்னால் இதை அவரிடமிருந்துதான் வாங்கினேன்.

இதைவிடப் பெரிது எடுக்கப் போகிறாயா என்று கேட்டார். சின்னது வேண்டும் என்றேன். கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஒன்றைக் காட்டினேன். கைப்பையின் ஓரத்தில் கிடக்கிற அளவு. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம்கூடக் கிடையாது. தள்ளிப் பிடித்து, பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

“அது டூர் போறவங்க வாங்குறதாக்கும் மக்கா. கல்யாண வீட்டுக்கு இதக் கொண்டுட்டுப் போனா, உன்னயும் பந்தியில உக்காரச் சொல்லிருவாங்க.”

பாரம் தாங்க முடியவில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

என் வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை ஒரு வருடமாக வற்றிக்கொண்டிருக்கிறது. பூட்டில் சாவியைத் திருப்பும்போது முதலில் தெரிந்தது. பிறகு பாட்டில் மூடி. பிறகு சட்டைப் பித்தான். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் ஊசி குத்தி, மின்சாரம் வைத்துப் பார்த்துவிட்டு, நரம்பு என்றார். இதற்குமேல் போகாமல் நின்றால் நல்லது என்றார். போனது திரும்பி வருமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளின் சீட்டை எடுத்தார். வீட்டில் கைவலி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நான் படித்தது இயற்பியல். படிப்பு முடிந்ததும் திங்கள்நகரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கச் சேர்ந்தேன். மணப்பெண் அலங்காரத்தை எடுக்கப் பெண் வேண்டும் என்று ஒரு வீட்டில் கேட்டதால் கேமராவை என் கையில் கொடுத்தார்கள். எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. அந்தப் பெரிய கேமரா என் முகத்தை முழுதாக மறைத்தது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு நூறு பேரை வரிசையில் நிறுத்துவேன். தள்ளி நில்லுங்கள், நெருங்கி நில்லுங்கள் என்பேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டால், சாப்பிடக் கூப்பிடுகிறவர்களுக்குக்கூடப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பேன்.

ராஜகுமார் அண்ணன் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு மெமரி கார்டு இருந்தது.

“கார்டையும் சேத்து விக்கப் பாத்தியா?”

நான் அதை மறந்திருக்கவில்லை. ஒன்பது வாரமாக அதை வெளியே எடுக்கத் துணிவில்லாமல் இருந்தேன். அவர் அதை உருவிச் சின்னக் கேமராவில் போட்டார். இரண்டும் ஒரே கம்பெனி, இதிலும் படம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வீட்டின் முன்னறை வந்தது. நடுவில் சவப்பெட்டி. சுற்றிலும் ஆட்கள்.

“மரிச்ச வீடா?” என்றார். சற்று நேரம் பார்த்தார். “நல்ல கிளியராட்டுதான இருக்கு. கார்டுக்கு ஒரு கேடும் இல்ல.”

இந்தக் கார்டு கெட்டுப்போய்விட்டது என்று முட்டத்தில் ஒரு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

சூசை மாமா ஆடி மாதத்தில் ஒரு மழைநாளில் இறந்தார். முட்டத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் எடுப்பதற்கு வேறு ஆள் உண்டு. வீட்டுக்குள் எடுப்பது என் வேலை. பெட்டி மூடுவதற்கு முன்னால் குடும்பப் படம் எடுப்போம். பெட்டியின் தலைமாட்டுக்குக் கீழே கட்டை வைத்துத் தூக்கி, இறந்தவரின் முகம் தெரியும்படி செய்வோம். சுற்றிலும் குடும்பம் நிற்கும். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட மகனோ மகளோ இருந்தால், அவர்களுக்கு ஒரு ஆள் இடம் விட்டு மற்றவர்களை நிறுத்துவோம். அவர்கள் அங்கே வெள்ளைச் சட்டையில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புவார்கள். அதை நான் கணினியில் அந்த இடத்தில் சேர்ப்பேன். பெரிதாக்கிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டுவார்கள். வருடங்கள் போனால், அவன் வரவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

சூசை மாமாவுக்கு ஒரே மகன், ஜெனோ. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். லீவு கிடைக்கவில்லை. பெட்டியின் வலப்பக்கம், அம்மாவுக்கு அடுத்ததாக இடம் விடச் சொல்லிப் போன் செய்தான். படத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டான். நான் சொல்லிக் கொடுத்தபடி, அப்பாவைப் பார்ப்பதற்காகத் தலையை இடப்பக்கம் சற்றுத் தாழ்த்தியிருந்தான். அவனுக்குப் பின்னால் வெற்றுச் சுவர்.

கரண்ட் இல்லை. ஜன்னலில் மழை வெளிச்சம் மட்டும். நான் பிளாஷைப் பொருத்தியபோது இசபெல் மாமி, சூசை மாமாவின் மனைவி, கையை உயர்த்தினாள்.

“அது வேண்டாம் மக்கா. அவருக்குக் கண்ணு கூசும்.”

நான் பிளாஷைக் கழற்றினேன்.

வெளிச்சம் குறைவாக இருந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேமராவின் உணர்திறனைக் கூட்டலாம். கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும், பெரிதாக்கும்போது முகம் மணலைப் போலத் தெரியும். அதனால் ஷட்டர் நேரத்தைக் கூட்டினேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லைப் போல நிற்பேன். கை அப்படி நிற்காது என்று எனக்குத் தெரியும். ஸ்டாண்டு வெளியே வண்டியில் இருந்தது. எடுத்து வரப் போனால், என்னோடு வந்த ஸ்டுடியோக்காரர் எதற்கு என்று கேட்பார். ஆறு படம் எடுத்தேன். கேமராவின் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியை மூடிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கியபோதுதான் பார்த்தேன். ஆறும் அசைந்திருந்தன. ஆள் அசைந்தால் ஆள் மட்டும் கலங்குவான். கேமரா அசைந்தால் எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு இழுபடும். சுவர், மாலை, பெட்டி, ஆட்கள். சூசை மாமாவும் இழுபட்டிருந்தார். மூடிய கண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பெட்டிக்குள் கிடந்து தலையை ஆட்டுவதைப் போல இருந்தது.

அந்தக் கலங்கிய இடத்தில் ஜெனோவை வைத்துப் பார்த்தேன். அவன் மட்டும் தெளிவாக நின்றான். அதே திசையில் அவனையும் கலக்கினேன். அவனும் நடுங்கினான். அதை அழித்துவிட்டேன்.

கார்டு கெட்டுப்போய்விட்டது, படம் திறக்கவில்லை என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். அதோடு முடியும் என்று நினைத்தேன். மஸ்கட்டில் அதைச் சரிசெய்யும் கடை இருக்கிறது, கொடுத்து அனுப்பு என்றான். நாகர்கோவிலில் கொடுத்திருக்கிறேன் என்றேன். போனில் எடுத்தவர்களிடமெல்லாம் கேட்டானாம். எல்லாப் படத்திலும் பெட்டியை என் முதுகு மறைத்துக்கொண்டிருக்கிறது என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறாள், பதின்மூன்று செவ்வாய், படம் திரும்பக் கிடைக்க வேண்டுமென்று.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். சாவி தொலைந்தாலும் கம்மல் தொலைந்தாலும் எங்கள் வீட்டிலும் அவரைத்தான் கூப்பிடுவோம். தொலையாத ஒன்றை அவரிடம் தேடக் கொடுத்துவிட்டேன்.

ராஜகுமார் அண்ணனின் கடையிலிருந்து வெளியே வந்தபோது மணி மூன்றரை. கைப்பை பாரமே இல்லாமல் இருந்தது. இரண்டு தடவை திறந்து, உள்ளே கேமரா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அன்றைக்குச் செவ்வாய். ஏழாவது செவ்வாய். திங்கள்நகர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து முட்டத்துக்கு மாறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியத்திலேயே நின்றது.

இசபெல் மாமி அந்தோணியாரின் சிறு கோயிலான குருசடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கறுப்புச் சேலை. கையில் செபப் புத்தகம். என்னைக் கண்டதும் நடையை வேகமாக்கினாள்.

“கிட்டிச்சா மக்கா?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

முன்னறையில் படம் மாட்ட ஆணி அடித்து வைத்திருந்தார்கள். கீழே, ஜெனோ சின்ன வயதில் முட்டம் லைட்ஹவுஸின் முன்னால் நிற்கும் பழைய படம். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேமராவை எடுத்தேன். இவ்வளவு சின்னதா என்று கேட்டாள். உன் பெரிய கேமரா எங்கே என்றாள். மாற்றிவிட்டேன் என்றேன். கேமராவை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தேன். முகத்தை மறைக்க ஒன்றும் இல்லை.

படம் வந்தது. அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். திரை இரண்டு விரல் அகலம்தான். அதில் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். சூசை மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மாமியின் பக்கத்தில் ஒரு நகக்கண் அளவுக்கு வெற்றிடம்.

“அங்ஙன உறங்குற மாதிரி கெடக்காரு,” என்றாள். திரையைத் தொடாமல் அதன்மேல் விரலை ஓட்டினாள். “இதாக்கும் ஜெனோவுக்கு உள்ள இடம். அந்தோணியாரு பதிமூணு தெகைய விடல்ல. ஏழுலேயே தந்துட்டாரு.”

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து வேறு பொய் ஒன்றைப் போனில் சொல்லியிருக்கலாம். நான் பெரிதாக்கும் பொத்தானில் கட்டைவிரலை வைத்தேன். விரல் அழுத்தவில்லை. இடது கையால் அழுத்தினேன்.

முகம் திரை முழுக்க வந்தது. இரண்டிரண்டு கண். இரண்டு மூக்கு. மாமி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இது என்னது?”

கார்டு கெடவில்லை என்றேன். படம்தான் அசைந்துவிட்டது, ஆறும் இப்படித்தான் என்றேன். என் கையில் பெலன் இல்லை என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் என் வலது கையை எடுத்துத் திருப்பினாள். சதை வற்றிய குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். மீன் அறுத்துக் காய்ப்பு ஏறிய விரல்.

“இது எப்பம் தொட்டு?”

“ஒரு வருசமாட்டு.”

“அப்பம் அன்னைக்கு இது தெரிஞ்சிட்டா படம் எடுக்க வந்தே?”

“ஆமா மாமி.”

அவள் என் கையை என் மடியிலேயே வைத்தாள். வெளியே யாரோ மீன் வலையை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு, “அத பழயபடி சின்னதாக்கு,” என்றாள்.

சின்னதாக்கினேன். சூசை மாமா மறுபடியும் அசையாமல் படுத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை தானாக அணையும்போதெல்லாம் என்னைப் பார்த்தாள். நான் பொத்தானைத் தொட்டு மறுபடி ஒளிர வைத்தேன்.

அவளுடைய போன் அடித்தது. ஜெனோ. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் கூப்பிடுவான் போல. அவள் எடுக்காமல் இருப்பாள் என்று நினைத்தேன். எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு நாற்காலியில் வைத்தாள். குருசடிக்குப் போனீர்களா என்று கேட்டான். போனேன் என்றாள். கார்டு பற்றி ரெஜிஷா ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். ரெஜிஷா நான்தான்.

மாமி என்னைப் பார்த்தபடி சொன்னாள்.

“இல்ல மக்கா. இன்னும் கிட்டல்ல. ஆறு செவ்வாய் கெடக்குல்லா.”

அவன் சரி என்றான். சாப்பிட்டீர்களா என்று கேட்டான். அவள் சாப்பிட்ட மீனின் பெயரைச் சொன்னாள். அடுப்பில் ஒன்றும் வைத்த மாதிரி இல்லை.

போனை வைத்ததும், அவனிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். நேரில் சொன்னதுபோல எழுதிவிடுகிறேன் என்றேன்.

“நீ ஒண்ணும் சொல்லாண்டாம். படத்தக் குடுத்தா அவன் போனுல இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் பாப்பான். தகப்பன இந்தக் கோலத்துல பாக்காண்டாம்.” சேலையால் மூக்கைத் துடைத்தாள். “கெட்டுப் போச்சுன்னு நீதான சொன்னே. அப்படியே இருக்கட்டு.”

அதைச் சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பினாள். நான் அங்கே இறக்கி வைக்க வந்ததை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

எழுந்தபோது செபப் புத்தகத்தை நீட்டினாள். அதன் பக்கத்தில் அடங்குகிற அளவுக்கு அந்தப் படத்தை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். அந்த அளவுக்கு நன்றாகவே வரும் என்றேன். ஜெனோ அனுப்பிய வெள்ளைச் சட்டைப் படம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அதையும் அதே அளவில், தனியாக வேண்டும் என்றாள். காப்பி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. வாசல்வரை வரவும் இல்லை.

இரண்டையும் ஸ்டுடியோவில் நானே பிரிண்ட் போட்டேன். இடது கையால் வெட்டியதில் ஓரம் நேராக வரவில்லை. மறுபடி பிரிண்ட் போட்டு மறுபடி வெட்டினேன். அடுத்த செவ்வாய் முட்டத்துக்குப் போனபோது மாமி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். உறையை வாங்கி, படங்களை எடுத்து, புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மூடினாள். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு குருசடியின் பக்கம் நடந்தாள். எட்டாவது செவ்வாய்.

நான் பஸ்ஸுக்கு நின்றபோது கைப்பையில் போன் நடுங்கியது. ஜெனோ அனுப்பியிருந்தான். நாகர்கோவில் கடையில் ஏதாவது சொன்னார்களா?

இன்னும் பார்க்கிறார்கள் என்று எழுதினேன்.