பதினாறு மணி நேரப் பயணம்

தையல்காரி துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது, தங்கையின் கணவன் கடைக் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"உன் தங்கச்சி எந்த ஊருக்கு ஃப்ளைட் ஏறினான்னு தெரிஞ்சுபோச்சு. எட்டாயிரம் மைல், பதினாறு மணி நேரம். இறங்குறப்ப என் தம்பி அங்க கத்தியோட நிப்பான். இதோ, உன் எதிர்லயே அவனுக்குச் சொல்றேன்" என்று போனை எடுத்தான்.

அவள் பாய்ந்து அதைப் பிடுங்கினாள். அவன் அவள் முடியைப் பற்றித் தலையை மேசையில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. கைக்கு அகப்பட்ட இஸ்திரிப்பெட்டியைச் சூட்டோடு அவன் கன்னத்தில் அழுத்தினாள். அவன் அலறி விழுந்ததும், அதே பெட்டியால் போனை நொறுக்கினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துக் கடைக்காரர்கள் அவனைக் கட்டிப்போட்டார்கள்.

"அவ ஏறி ரெண்டு மணி நேரந்தான் ஆச்சுண்ணே" என்று மூச்சிரைத்தாள். "பத்திரமா இறங்குற வரைக்கும் இவன் கையில யாரும் போன் கொடுத்துடாதீங்க."