ஏழாம் நம்பர் மலைக் குளவிகள்

அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கண்டிக்கு வந்தாள் யோசப்பின். நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வழிநெடுக நின்றுகொண்டே வந்தவள், தொழிலாளர் புகார்களைக் கவனிக்கும் அலுவலகத்திலும் வரிசையில் நின்றாள்.

விஷயம் ஒன்றுதான். அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் ஒரு பெரிய குளவிக்கூடு. அங்கே கொழுந்து பறிக்கப் போன சுப்பம்மாவைக் குளவிகள் கொட்டி, அவள் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கூட்டை எடுக்கும்வரை அங்கே போகமாட்டோம் என்றார்கள் பெண்கள். அப்படியானால் வேறெங்கும் வேலை கிடையாது என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை.

அதிகாரி ஹபீல் அவளுடைய கடிதத்தைப் புரட்டினார்.

"இதுல தொரைட கையெழுத்து இல்லியே?"

"புகாரே அவரு மேலதான் சேர்! அவருகிட்டயே போயி வாங்கவா? மொதல்ல சிங்களத்துல எழுதச் சொன்னீங்க, எழுதினேன். பொறகு கிராம சேவகர் கடிதம் கேட்டீங்க, கொண்டாந்தேன். இன்னும் என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹபீல் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, கோவப்படாதீங்க. பரிசோதகர் வருவாரு."

"எப்ப சேர்?"

"வாகனம் கெடைச்சா."

எட்டு நாள் கழித்துப் பரிசோதகர் வந்தார். நேரே துரையின் பங்களாவுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு, ஜீப்பில் திரும்பினார். பாதையை அடைத்துக்கொண்டு இருபது பெண்கள் நின்றார்கள்.

"கூட்டப் பாத்தீங்களா சேர்?" என்று கேட்டாள் யோசப்பின்.

"தொரை எல்லாம் சொன்னாரு. அந்தப் பக்கம் வழி சரியில்லையாமே."

"நாங்க முதுகுல கூடையோட தெனம் ஏறுற வழி சேர். எறங்கி நடங்க."

அவர் சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறினார். கூடு இருந்த மரம் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டார். குடம் போல் தொங்கிய கூட்டைச் சுற்றிக் குளவிகள் இரைந்தன.

"இன்னும் கிட்ட வாங்க."

"வேணாம், வேணாம். தெரியுது."

அந்தச் சனிக்கிழமையே ஆட்கள் வந்து புகைபோட்டுக் கூட்டை எடுத்தார்கள். திங்கட்கிழமை மூன்றாம் நம்பர் மலையில் இன்னொரு கூடு தெரிந்தது. யோசப்பின் ஹபீலுக்குப் போன் செய்தாள்.

"அது வேற மலைதானே? புதுசா ஒரு புகார் எழுதணும்" என்றார் அவர்.

"ஒவ்வொரு கூட்டுக்கும் நான் கண்டிக்கு வரணுமா? அதுக்குள்ள எத்தன பேரக் கொட்டிப்போடும்!"

பதிலுக்குக் காத்திராமல் போனை அணைத்தாள். அன்று மூன்றாம் நம்பர் மலையில் ஒருத்தியும் கால் வைக்கவில்லை. துரை வந்து பார்த்தார். இந்தத் தடவை வேலை இல்லை என்று சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர்களைப் பத்தாம் நம்பர் மலைக்கு அனுப்பும்படி, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொன்னார்.