நார்ப்பலகைக்குத் தண்ணீர் காட்டியவர்

மனித நாகரிகம் சிமெண்ட் மூட்டையைப் பிரித்த அன்றுதான் தொடங்கியது. அதற்கு முன் நடந்ததெல்லாம் ஒத்திகை. கட்டட காண்ட்ராக்டர் இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னார், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல். எதிரே உட்கார்ந்திருந்த மகள் பொறியியல் படித்துவிட்டு, தென்னை நாரையும் சணலையும் பிசினில் தோய்த்து அழுத்திப் பலகை செய்கிறவள். அவர் கணக்கில், கற்காலத்துக்கு டிக்கெட் எடுத்தவள்.

"கயித்துக் கட்டில்ல படுக்கலாம்மா. கயித்துலயே சுவர் வைக்க முடியுமா?"

"வெயில் உள்ள இறங்காதுப்பா. ஏசி பாதி நேரம் ஓடினா போதும்."

"அதுவும் ஓரத்துக்கெல்லாம் பிரஷ் வச்சுப் பூசிக்கிட்டு. நெயில் பாலிஷ் போட எதுக்கு நாலு வருஷப் படிப்பு?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மறுநாள் மதியம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து, மாதிரிக்காக அவள் பலகை அடித்த மாடியறையைப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் புது வார்டு முழுக்க அவளுடைய பலகைதான். ஒரு வருஷம் படியேறி இறங்கியதில் வருகிறோம் என்று சொன்ன முதல் ஆட்கள். வெயில் தாக்கும் மேற்குச் சுவர் முழுக்கப் பலகை அடித்தாயிற்று. ஜன்னலுக்காக அறுத்த ஓரங்களுக்குப் பிசின் பூசுவது மட்டும் பாக்கி.

காலையில் மாடியேறினால் தரையெல்லாம் ஈரம். அறுத்த ஓரங்கள் பாலில் விழுந்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தன. அப்பா கையில் ஹோஸ்.

"என்னப்பா பண்ணீங்க?"

"தண்ணி காட்டினேன். புதுசா போட்டதை அப்படியே காய விட்டா வெடிச்சிடும்ல?"

"இது காங்கிரீட் இல்லப்பா. நாரு. அறுத்த பக்கமா தண்ணியக் குடிக்கும்."

"தண்ணி குடிக்கிறதை எல்லாம் எவன் சுவரா வைப்பான்?"

"நீங்க கேலி பண்ணுங்க, தாங்கிக்கிறேன். தயவுசெஞ்சு உதவி மட்டும் பண்ணாதீங்க."

"என் மாடி. எனக்கே தடையா?" ஹோஸை விசிறிவிட்டு இறங்கிப் போனார்.

படிக்கட்டில் அம்மா மறித்தது கேட்டது. "நிம்மதியா இப்ப? போய் உக்காந்து பேப்பர் படிங்க."

உப்பிய பலகைகளின் ஸ்க்ரூவைக் கழற்றும்போது அவளுக்குப் பல் நறநறத்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றுப் பலகைகள் இருந்தன. ஆனால் அறுக்க வேண்டும், பூச வேண்டும், பிசின் காய இரண்டு மணி நேரம் வேண்டும். "அறுக்கிறதா, பூசுறதா? எனக்கென்ன நாலு கையா இருக்கு?" என்று காலி மாடியைப் பார்த்துக் கத்தினாள். ரம்பத்தை எடுத்தாள்.

மூன்றாவது பலகையை அறுத்து முடித்துத் திரும்பியபோது, முதல் பலகை அப்பாவின் மடியில் இருந்தது. மூக்கு நுனியில் கண்ணாடி. பிரஷ்ஷின் நுனியால் ஓரத்தை மயிரிழை பிசகாமல் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் கோபம் அப்படியே இருந்தது. அடுத்த பலகையைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் நிமிராமலே அதை இழுத்து வைத்துக்கொண்டார். "ஒரு கை பத்தாது," என்று முணுமுணுத்து, பூசிய ஓரத்திலேயே இன்னொரு முறை பூசத் தொடங்கினார்.